கப்பல் கருவாடு

டாக்டர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் மேல் இருப்பது பின்னால் வரும்.

போன வருஷம் என் மனைவிக்குக் குடலில் கட்டி என்று சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். நன்றாகத்தான் எடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு தவணை தவணையாக மருந்து ஏற்ற வேண்டும், மிச்சம் மீதி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் கொல்லும் என்றார்கள். சரி என்றோம். முதல் தவணை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் அன்றிலிருந்து சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். மீன் வாடை பட்டால் ஓங்கரித்தாள். எந்த வீட்டில் நடந்தாலும் இது கஷ்டம்தான். எங்கள் வீட்டில் நடந்தது அநியாயம். பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் கோட்டைக்குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, நான் கப்பல் கப்பலாகப் போய்ச் சமைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் கருவாடு போட்டு விற்றுக் குடும்பத்தை நிறுத்தியவள் அவள். எங்கள் குப்பத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மீன்தான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. அவளை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

என்னால் ஆனதை நான் செய்தேன். மூன்று வேளையும் அவள் எதிரில் போய் உட்கார்ந்துகொண்டேன். கஞ்சி, இட்லி, அவித்த முட்டை, பால், பருப்புச் சாதம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, வாய்க்குள் போகிறதா, தொண்டையில் இறங்குகிறதா என்று பார்ப்பேன். "இன்னும் ஒரு வாய்" என்பேன். அவள் ஒரு வாய் எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். "முழுங்கு" என்பேன். முழுங்குவாள். அதோடு தட்டு தள்ளிப் போய்விடும். எத்தனையோ நாட்டு மாலுமிகளுக்கு ஆடுகிற கப்பலில் நின்று பொங்கிப் போட்ட கை இது. சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு பிடி இறக்க வக்கில்லை என்று எனக்கு என் மேலேயே எரிச்சல். அந்த எரிச்சலை அவள் மேல் காட்டினேன்.

ஒரு நாள் மத்தியானம், தட்டைத் தள்ளிவிட்டு, அவளாகவே ஒன்று சொன்னாள்.

"அந்தக் கப்பல் கருவாடு இருந்தா ஒரு துண்டு துன்னுவேன்யா."

அவள் சொன்னது பேக்கனை. எனக்குக் கல்யாணமான புதிதில், ஒரு தடவை லீவில் வரும்போது, உப்பிட்டுப் புகை போட்ட பன்றிக்கறியை ஒரு பாளமாகக் கொண்டுவந்திருந்தேன். கப்பலில் காலை வேளையில் அது இல்லாமல் விடியாது. வறுத்துக் கொடுத்தேன். வாயில் போட்டதும், "இன்னாயா இது, கருவாடு மாரியும் கீது, கறி மாரியும் கீது" என்று கேட்டு, கப்பல் கருவாடு என்று அவளே பேர் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு லீவுக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொண்டுவருவேன். கப்பல் வேலையை விட்ட பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது. இத்தனை வருஷம் கழித்து அது அவள் நாக்கில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்ததே போதும் என்று இருந்தது எனக்கு.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அவளை எடை பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எடை இப்படியே இறங்கினா அடுத்த டோஸ் ஏத்த முடியாது. உடம்பு தாங்காது. அவங்களுக்கு எது பிடிக்குதோ அதைக் கொடுங்க" என்றார். எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பேக்கன் கேட்கிறாள் டாக்டர் என்றேன். அந்த ஆள் சிரித்தார். "பேக்கனா? அதைத் தொடவே கூடாது. கடையில விக்கிறது எல்லாமே கெடாம இருக்க நைட்ரைட்னு ஒரு உப்பு போட்டது. குடல்ல கட்டி வந்தவங்களுக்கு அது விஷம்" என்றார்.

எது பிடிக்குதோ அதைக் கொடு. பிடித்த ஒன்றே ஒன்றை மட்டும் கொடுக்காதே. இதை ஒரே மூச்சில் சொல்வதற்குத்தான் அத்தனை வருஷம் படித்தாரா? எனக்கு நாற்காலியை விட்டு எழ மனமில்லை. அடுத்த நோயாளி கதவைத் திறந்துவிட்டார். நான் அசையவில்லை. நைட்ரைட் போடாமல் வீட்டிலேயே செய்தால் என்றேன். அவர் வாட்ச்சைப் பார்த்தார். "உப்பு கம்மியா, நல்லா வேகவெச்சு, கருக விடாம, எப்பவாவது ஒண்ணு ரெண்டு துண்டு. அது பரவாயில்லை" என்று பிச்சை போடுவதுபோல் போட்டார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெளியே வந்ததும் மகளுக்குப் போன் செய்தேன். அவள் சென்னையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "நைனா, நீ ஏன் கஷ்டப்படற? இப்பல்லாம் நேச்சுரலாவே வருது நைனா, நைட்ரைட் இல்லாம" என்று அந்த வாரமே ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பாக்கெட்டின் மேல் பச்சை இலை ஒன்று வரைந்திருந்தது. இயற்கையாகப் பதப்படுத்தியது, நைட்ரைட் சேர்க்கப்படவில்லை என்று பெரிதாகப் போட்டிருந்தான். பின்பக்கம் எறும்பு எறும்பாக இன்னொரு வரி இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். செலரிப் பொடியில் இயல்பாக இருப்பதைத் தவிர, என்று போட்டிருந்தது.

தவிர என்றால்? எனக்குப் புரியவில்லை. என்னோடு கப்பலில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர் இப்போது மங்களூரில் சின்னதாகக் கறிக்கடை வைத்து, சாசேஜ், பேக்கன் எல்லாம் தானே செய்கிறார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். செலரி என்பது ஒரு கீரைத்தண்டு. அதிலும், பசலையிலும், பீட்ரூட்டிலும் நைட்ரேட் தானாகவே இருக்கிறது. அந்தச் சாற்றை எடுத்து, கிருமி விட்டுப் புளிக்க வைத்தால் அது நைட்ரைட்டாக மாறிவிடும். காயவைத்துப் பொடியாக்கிக் கறியில் போடுவார்கள். டப்பாவில் வாங்கிப் போடுவதும் அதுதான், கீரையிலிருந்து எடுத்துப் போடுவதும் அதுதான். எங்கிருந்து வந்தது என்று கறி கேட்காது என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அப்படியானால் இந்த இலைப்படம் எதற்கு? நோயாளி வீட்டுக்காரன் பதறிப்போய் இருக்கிறான், ஒரு நல்ல சொல் கிடைத்தால் பிடித்துக்கொள்வான் என்று தெரிந்துதானே போட்டிருக்கிறான்? இயற்கையாம். எங்கள் பக்கம் அந்தச் சொல்லை யாரும் இவ்வளவு செல்லமாகச் சொல்வதில்லை. முகத்துவாரத்தை மண் அடைத்துக்கொண்டு படகு கடலுக்குப் போக வழியில்லாமல் நிற்பதும் இயற்கைதான். புயலும் இயற்கைதான். என் மனைவியின் குடலில் வளர்ந்ததை எந்த ஃபாக்டரியில் செய்தார்கள்? மகளிடம் இதையெல்லாம் கத்தினேன். "என்னை ஏன் நைனா திட்டற, நானா அச்சடிச்சேன்?" என்று அவள் அழுதாள். பாக்கெட்டை அவளையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அன்று ராத்திரியே தலைமைச் சமையல்காரரை மறுபடியும் கூப்பிட்டேன். வெறும் உப்பில் செய்ய முடியுமா? முடியும், பழைய காலத்தில் அப்படியும் செய்திருக்கிறார்கள் என்றார். உப்பு, வெல்லம், மிளகு, பூண்டு, குளிர்ச்சி. அவ்வளவுதான். ஆனால் அந்த ரோஜா நிறம் வராது. ரொம்ப நாள் தாங்காது. நைட்ரைட்டை யாரும் அழகுக்காக மட்டும் போடவில்லை, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஒரு நச்சுக்கிருமி இருக்கிறது, அதற்குப் பயந்துதான் முக்கியமாகப் போடுகிறார்கள். அது இல்லாமல் செய்தால் கறி ஒரு நிமிஷம்கூடச் சூட்டில் இருக்கக் கூடாது, எப்போதும் சில்லென்று இருக்க வேண்டும், புகையிலேயே உள்வரை வேகவைத்துவிட வேண்டும், உடனே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்றார். உங்கள் ஊர் வெயிலில் ஜாக்கிரதை என்று இரண்டு தடவை சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பேக்கனை வறுத்தவன். பாளம் பாளமாகப் பெட்டியில் வரும், வெட்டுவேன், கல்லில் போடுவேன், தட்டில் வைப்பேன். ஒரு நாளும் அதைச் செய்தவன் இல்லை. ஆனாலும் ஊரில் எல்லோரும் கப்பல் சமையல்காரனுக்குத் தெரியாததா என்றார்கள். நானும் தெரிந்த மாதிரிதான் தலையை ஆட்டினேன்.

பன்றியின் வயிற்றுக்கறி வேண்டும். பொன்னேரியைத் தாண்டி ஒரு இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வெட்டுவார்கள். பழவேற்காட்டில் கார் வைத்திருக்கும் பாய் ஒருவர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகம். மனைவியை ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போய் வருவார். "எங்க போவணும்னாலும் ஒரு போன் போடு, யோசிக்காத" என்பார். இதற்கு அவரைக் கூப்பிடுவேனா? வாய் தவறிச் சொன்னால்கூட மனசு கேட்காமல் வந்து நின்றுவிடுவார் என்றுதான் எனக்குப் பயம். ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

கறிக்கடைக்காரன் தோலை அறுத்துப் போடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். கொழுப்பை எடுத்துவிடவா என்றான். கொழுப்புக்காகத்தானடா வந்தேன் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். திரும்பி வரும் பஸ்ஸில், பக்கத்தில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"இன்னா மீனு?"

"வஞ்சிரம்."

"எங்க வாங்கின?"

"பொன்னேரியில."

அந்தம்மா பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். "பொன்னேரியிலேர்ந்து பழவேற்காட்டுக்கு மீனு வாங்கிகினு போற மொத ஆளு நீதான்யா." வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெண்டாட்டிக்கு ஒரு துண்டு கறி கொடுப்பதற்கு ஊரெல்லாம் சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து கறியைத் துடைத்து, இடித்த கல் உப்பையும் பனைவெல்லத்தையும் மிளகையும் பூண்டையும் கலந்து எல்லாப் பக்கமும் தேய்த்து, மூடி போட்ட பாத்திரத்தில் வைத்து ஃபிரிட்ஜில் அடித்தட்டில் வைத்தேன். தினமும் ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போடும் நேரம் பார்த்து யாராவது வந்துவிடுவார்கள். மனைவியின் தங்கை பக்கத்து வீடுதான். வெளிறிப்போய்க் கிடந்த கறியைப் பார்த்துவிட்டு, "பீட்ரூட்ட அரைச்சு ஊத்து மாமா, செவசெவன்னு வரும்" என்றாள். மறுநாள் வந்து மஞ்சள்தூள் போடு என்றாள். அதற்கு மறுநாள் எலுமிச்சம்பழம். கருவாட்டுக்குப் போடுவதுபோல் உப்பை வாரிக் கொட்டு, எதுக்கு இப்படி எண்ணி எண்ணிப் போடுகிறாய் என்றாள். டாக்டர் உப்பு கம்மியாகப் போடச் சொன்னதைச் சொன்னேன். "உப்பு கம்மியா போட்டா புயுதான் வெக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது தப்பில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இதற்கு நடுவில் கரண்ட் போனது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று பார்த்தேன். எங்கோ கம்பி அறுந்துவிட்டதாம், சாயங்காலம் வரும், வராது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போன் எடுத்தவன் ஒருவன்கூட மரியாதையாகப் பேசவில்லை. ஆனால் குளிர்ச்சிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஐஸ் உடைத்து வாங்கிவந்து, மீன் பெட்டியில் போட்டு, கறிப் பாத்திரத்தை நடுவில் புதைத்து மூடினேன். ஃபிரிட்ஜைவிட நன்றாகவே சில்லென்று இருந்தது. மறுநாள் காலையிலும் கரண்ட் வரவில்லை. புது ஐஸ் போட்டேன். மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி அவள் தங்கையிடம் சொல்லிவிட்டு, புகை போடுவதற்குத் தகர டிரம் வாங்கப் பொன்னேரிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வாசலில் மூங்கில் பரண்மேல் விரித்த பழைய வலையில், தங்கை போட்டிருந்த வாளைக் கருவாட்டுக்குப் பக்கத்தில், என் கறி வெயிலில் கிடந்தது.

அவள் ஒரு குச்சியோடு உட்கார்ந்து காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெருமையாக எழுந்தாள். "ஐஸ் இன்னாச்சுன்னு தொறந்து பாத்தேன் மாமா. கறி தண்ணி வுட்டுகினு அதுலயே ஊறிக் கெடந்துச்சு. பகீர்னு ஆயிப்போச்சு. நல்லாக் கயுவி காயப் போட்டேன். வுட்டிருந்தா நாறிப்போயிருக்கும்."

எங்கள் கரையில் இது எல்லோருக்கும் கைப்பழக்கம். உப்புப் போட்ட மீன் தண்ணீர் விட்டுவிட்டால், அதை எடுத்து அலசி அன்றைக்கே வெயிலில் போட்டாக வேண்டும். அப்படியே ஊறவிட்டு வைத்திருக்கிறவளைச் சோம்பேறி என்பார்கள். அவள் எனக்கு உபகாரம்தான் செய்தாள். காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் காக்காய் ஓட்டியிருக்கிறாள். அதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்துவிட்டது. உனக்கு மூளை இருக்கிறதா என்றேன். மீனும் கறியும் ஒன்றா என்றேன். உன்னைக் கேட்டேனா என்றேன். அவளும் விடவில்லை. "சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா, வாயில கொயுக்கட்டையா?" என்று திருப்பிக் கேட்டாள்.

உள்ளே இருந்து என் மனைவி வெளியே வந்தாள். மருந்து ஏற்றியதிலிருந்து மீன் காயும் வாசல் பக்கமே வராதவள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பரணுக்கு வந்தாள். கட்டைவிரலால் கொழுப்பை அழுத்தினாள். விரலை மோந்து பார்த்தாள்.

"காறிப்போச்சு" என்றாள். "ஏண்டி, மத்தி மீன இந்த வெயில்ல போட்டா இன்னா ஆவும்? எண்ணெ கக்கி காறிப்போவும் இல்ல? இதுவும் அதான். இம்மாங் கொயுப்ப எவளாச்சும் வெயில்ல போடுவாளா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவக் கூடாதா? தொண்டை கிழிய இப்ப கத்தற."

எனக்கு வந்ததே ஆத்திரம். யாருக்காக இந்தப் பாடு? பஸ்ஸில் அவமானப்பட்டது யாருக்காக? ராத்திரியெல்லாம் ஐஸ் உருகுகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தது யாருக்காக? அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கால் நடுங்குவதைப் பார்த்து விட்டுவிட்டேன். கறியைக் கழுவிப் பார்க்கலாமா என்று ஒரு சபலம் வந்தது. தலைமைச் சமையல்காரர் சொன்ன நச்சுக்கிருமி ஞாபகம் வந்தது. சவுக்குத் தோப்புப் பக்கம் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். இந்தத் தடவை பாத்திரத்தின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டினேன். கட்டிவிட்டு, தெருவில் இருக்கிற அத்தனை பேரிடமும் சொன்னேன், என் வீட்டு ஃபிரிட்ஜை யாரும் திறக்கக் கூடாது, திறந்தால் நான் மனுஷனாக இருக்க மாட்டேன் என்று. தங்கை என்னோடு பேசவில்லை. அக்காவிடம் மட்டும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டு, என்னைக் கண்டால் எழுந்து போனாள். போகட்டும் என்று இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் என் மனைவி உடம்பில் கொஞ்சமாவது சதை பிடிக்க வேண்டும். என் கவலை அதுதான்.

புகை போட்ட நாள் நல்ல காற்று. டிரம்மின் அடியில் ஓட்டை போட்டு, சவுக்குக் கட்டையையும் தேங்காய் மட்டையையும் கனிய வைத்து, மேலே கம்பியில் கறியைத் தொங்கவிட்டுச் சாக்குப் போட்டு மூடினேன். நெருப்பு கூடினால் கருகும், குறைந்தால் வேகாது. விட்டு நகர முடியாது. காற்று மாறி மாறி அடித்தது. ஒரு தடவை புகை கடலுக்குப் போகும், ஒரு தடவை அத்தனை வீட்டுக்குள்ளும் போகும். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் இருமினார்கள். "இன்னாபா, கப்பல் பாய்லரா ஓட்டற?" என்று ஒருவன் கேட்டான். ஓட்டுகிறேன், வந்து கரி அள்ளிப் போடு என்றேன். காலையில் நின்றவன், வெயில் இறங்கும்வரை அங்கேயே நின்றேன். கண் இரண்டும் சிவந்து வீங்கிவிட்டது. மனைவியின் சாப்பாட்டை அன்று தங்கைதான் பார்த்துக்கொண்டாள். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்டதற்கு அவள் எனக்குப் பதில் சொல்லவில்லை.

கத்தியால் நடுவில் குத்திப் பார்த்தேன், உள்வரை வெந்திருந்தது. ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலையில் வெட்டினேன். ரோஜா நிறம் வரவில்லை. வெளியே காப்பிக்கொட்டை நிறம், உள்ளே வெந்த கறி எப்படி இருக்குமோ அப்படி. பாக்கெட் பேக்கனின் பக்கத்தில் வைத்தால் ஒருவனும் இதைத் தொட மாட்டான். ஆனால் வாசனை அதேதான். அடுப்பை அடக்கி, கருகாமல், அதன் கொழுப்பிலேயே மெதுவாகச் சுடவைத்தேன். ஒரு துண்டைத் திருப்ப மூன்று தடவை யோசித்தேன். கேப்டனுக்கு முதல் நாள் சமைத்தபோதுகூட நான் இவ்வளவு யோசித்ததில்லை.

இரண்டு துண்டு, கொஞ்சம் குழைந்த சாதம், தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டை மடியில் வாங்கிக்கொண்டாள். குனிந்து மோந்து பார்த்தாள். ஓங்கரிக்கவில்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

அவள் ஒரு துண்டை எடுத்தாள். எடுத்தது கையிலேயே நின்றது.

"சாப்பிடு."

"சாப்புடறேன்."

"எங்க சாப்பிடற? ஆறிப்போகுது."

அவள் துண்டைத் தட்டில் வைத்துவிட்டாள். இத்தனைக்குப் பிறகும் இல்லையா? இதற்கு மேல் நான் எதைக் கொண்டுவருவேன்? "இப்ப என்னடி குறை இதுல?" என்று கத்திவிட்டேன்.

"கறியில ஒண்ணும் கொறை இல்ல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "நீ எதுக்கால ஒக்காந்துகினு என் வாயையே பாத்துகினு கீற. மூணு வேளையும் பாத்துகினு கீற. இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு. நான் முயுங்கறேனா சாவறேனான்னு பாக்கற மாரி கீது எனக்கு. எப்பிடியா எறங்கும்? நேத்து நீ அந்த டிரம்மாண்ட பொகையில நின்னியே, அன்னிக்கு ரெண்டு வேளையும் தட்டைக் காலி பண்ணேன். நீ பொன்னேரி போன அன்னிக்கெல்லாம் துன்னேன். உன்னாண்ட சொல்ல வேணாம்னு தங்கச்சிகிட்ட நான்தான் சொன்னேன்."

என்ன அநியாயம் இது? நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? எனக்கென்று இருக்கிறவள் ஒருத்தி, அவள் என் கண் முன்னால் கரைகிறாள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? அதைத்தான் கேட்க நினைத்தேன்.

"கொஞ்சம் அந்தாண்ட திரும்பி ஒக்காருயா" என்றாள்.

ஸ்டூலைத் திருப்பிப் போட்டேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். பிறகு தட்டில் கை படும் சத்தம் கேட்டது. கறியைப் பிய்க்கும் சத்தம் கேட்டது. மெல்லும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்துவிடக் கூடாது என்று ஸ்டூலின் இரண்டு பக்கத்தையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.